பணி வண்டியின் உட்புற வசதி: எளிய பொருள்களும் அவற்றின் விஞ்ஞானமும்

நம் நாட்டில் சமூக வளர்ச்சித் திட்டம் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அக்காலந்தொட்டு ஜீப் வண்டி கிராமப் பணியின் அடையாளங்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. வண்டிகளின் வகையும் உருவமும் இன்று பெரிதும் மாறிவிட்டன. ஆயினும், கோடையில் விதர்ப்பத்திலோ ராஜஸ்தானத்திலோ ஒரே நாளில் ஐந்தாறு கிராமங்களுக்குச் சென்று திரும்பும் பணியாளர் படும் தொல்லைகள் அன்றிருந்தவையே. வெப்பம், புழுதி, இரைச்சல், அதிர்வு என அவற்றை நான்காக வகுக்கலாம்.

இத்தொல்லைகளைக் குறைப்பது வெறும் சுகத்தைப் பற்றியதன்று. வெப்பத்தாலும் அதிர்வாலும் களைப்புற்ற ஓட்டுநரின் கவனம் தளர்கிறது. எதிரில் வருவதைக் கண்டு பிரேக்கை மிதிக்க அவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. வண்டியில் எடுத்துச் செல்லப்படும் தடுப்பு மருந்துகளுள் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையிலேயே பாதுகாக்கப்பட வேண்டியவை. வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியில் தனியே விடப்பட்ட குழந்தைகள் உயிரிழந்த நிகழ்ச்சிகளும் உண்டு. ஆகவே, வண்டியின் உட்புறத்தைச் சீர்செய்தல் பாதுகாப்பின் ஒரு பகுதியேயாகும்.

இதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் எல்லா இடங்களிலும் தேவையில்லை. அட்டை, அலுமினியத் தாள், பருத்தித் துணி, தேங்காய் நார், ரப்பர் ஆகியவற்றைக்கொண்டே பெரும்பயன் அடையலாம். ஆனால் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். தொல்லை எவ்வழியே உள்ளே வருகிறது என்பதை முதலில் கண்டறிந்து, பின்னர் அவ்வழியை அடைக்க வேண்டும். தவறான இடத்தில் வைத்த நல்ல பொருள் பயன் தராது. சில சமயங்களில் தீங்கும் விளைவிக்கும்.

வெப்பம் வரும் வழிகள்

மேகமற்ற நடுப்பகலில் சூரியனை நேராக நோக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ 1000 வாட் அளவுள்ள சூரிய ஆற்றல் விழுகிறது. இரண்டு சதுர மீட்டர் கொண்ட வண்டிக் கூரையானது, 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டு இடைவிடாது வெளியிடும் வெப்பத்திற்கு நிகரான ஆற்றலை எதிர்கொள்கிறது எனலாம்.

இவ்வாற்றல் இரண்டு வழிகளில் உட்புகுகிறது. ஒன்று கண்ணாடி, மற்றொன்று கூரைத் தகடு. கண்ணாடியானது ஒளிக்கதிர்களையும் அவற்றையடுத்த குறுகிய அகச்சிவப்புக் கதிர்களையும் எளிதில் உள்ளே விடுகிறது. இக்கதிர்களை ஏற்றுச் சூடேறும் முன்பலகையும் இருக்கைகளும் நீண்ட அலைகளையுடைய வெப்பக் கதிர்களை வெளியிடுகின்றன. இவற்றைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. எனினும், வண்டி சூடேறுவதற்கு இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதே அது. 1909ஆம் ஆண்டில் ஆர். டபிள்யூ. உட் என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர் இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை நீண்ட வெப்ப அலைகளையும் வெளியே விடும் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவிற்குச் சூடேறின. காற்று அடைபடுதலே முதன்மையான காரணம் என்பது இதனால் புலனாயிற்று.

நிறுத்திய வண்டி எவ்வளவு விரைவாகச் சூடேறுகிறது என்பதை அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஒரு மணி நேரத்தில் உட்புற வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏற்பட்டுவிட்டது. சன்னலைச் சிறிது திறந்து வைத்ததனால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. ஆதலின், ‘ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்’ என்று குழந்தையையோ தடுப்பு மருந்துப் பெட்டியையோ பூட்டிய வண்டிக்குள் விட்டுச் செல்லுதல் எக்காலத்தும் கூடாது. பின்வரும் எந்த முறையும் இவ்விதிக்கு விலக்காகாது.

நிழலும் மறைப்பும்

பரிகாரங்களுள் முதன்மையானது மரநிழலே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நிகழ்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, கடுங்கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டிகளின் உட்காற்று சராசரியாக 47 டிகிரியையும் முன்பலகை 69 டிகிரியையும் எட்டின. நிழலில் நின்றவற்றில் அவை முறையே 38 டிகிரியும் 48 டிகிரியுமாக இருந்தன. நூறு அடி தூரம் கூடுதலாக நடக்க நேர்ந்தாலும், நிழலில் நிறுத்துவதே சிறந்தது.

நிழல் கிடைக்காத இடத்தில் முன் கண்ணாடிக்கு மறைப்பு வேண்டும். கண்ணாடிக்கு வெளியே போடப்படும் மறைப்பே மிகுந்த பயன் தரும். ஏனெனில், அது கதிர்களை உட்புகுமுன்னரே தடுத்துவிடுகிறது. பழைய வெள்ளை வேட்டியையோ கித்தானையோ மடித்துக் கண்ணாடியின்மேல் விரித்து, இரு முனைகளையும் கதவிடுக்கில் செருகி மூடினால் போதும். உட்புறத்தே வைப்பதாயின், பொருள்கள் கட்டி வரும் நெளியட்டையைக் கண்ணாடியின் அளவிற்கு வெட்டி, சமையலறை அலுமினியத் தாளை அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். பளபளப்பான பக்கம் கண்ணாடியை நோக்கியிருக்க வேண்டும். கதிர்கள் வந்த வழியே திருப்பி அனுப்பப்படும். கறுப்புத் துணியை உள்ளே தொங்கவிட்டால், அத்துணியே சூடேறி அவ்வெப்பத்தைக் காற்றிற்கு அளித்துவிடும்.

இம்மறைப்புகள் யாவும் வண்டி நிற்கும்போது மட்டுமே பயன்படுத்தத்தக்கவை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவிகிதமும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவிகிதமும் ஒளியை உள்ளே விட வேண்டும். கறுப்புப் படலம் ஒட்டுதலை 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்துத் தடை செய்தது. வீட்டில் செய்துகொள்ளத்தக்க மாற்றங்களில் கண்ணாடிப் படலத்தைச் சேர்க்கலாகாது.

கூரையின் பங்கு

வெண்ணிறம் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது, கருநிறம் ஏற்றுக்கொள்கிறது. 2011ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரே வகையைச் சேர்ந்த கறுப்பு வண்டியையும் வெள்ளி நிற வண்டியையும் வெயிலில் நிறுத்தி ஒப்பிட்டு வெளியிட்ட முடிவின்படி, வெள்ளி நிற வண்டியின் உட்காற்று 5 முதல் 6 டிகிரி வரை குறைந்த வெப்பமுடையதாக இருந்தது. வண்ணத்தை மாற்ற இயலாதபோது இரட்டைக் கூரை முறை உதவும். கூரைமேல் சுமை தாங்கும் சட்டம் இருக்குமாயின், அதன்மேல் வெண்கித்தானையோ மூங்கிற் பாயையோ இழுத்துக் கட்டலாம். கூரைக்கும் பாய்க்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருந்து, அதனூடே காற்று ஓட வேண்டும். வெயிலைப் பாய் ஏற்கும். அதன் சூட்டைக் காற்று கொண்டு செல்லும். கூரைத் தகடு நிழலில் இருக்கும். வண்டி ஓடத் தொடங்குமுன் பாயைச் சுருட்டி வைத்துவிட வேண்டும்.

கூரையின் உட்புறத்தில் அலுமினியத் தாளை ஒட்டுவோர் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. பளபளப்பான அலுமினியம் கதிர்வீசலைத் தடுக்குமேயன்றி, வெப்பக் கடத்தலைத் தடுக்காது. அது தானே நல்ல வெப்பக் கடத்தி. எனவே, தாளின் ஒரு பக்கத்திலேனும் காற்று இடைவெளி இருக்க வேண்டும். தகட்டிற்கும் அட்டைக்கும் நடுவே அதனை நெருக்கி ஒட்டினால் யாதொரு பயனும் விளையாது.

2019ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத்தில் ஒருவர் தம் காரின் மேற்புறம் முழுவதும் சாணம் பூசியிருந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வழக்கத்தை விஞ்ஞான நோக்கில் ஆராய்தல் பயனுடையது. பூச்சு ஈரமாக உள்ளவரை ஆவியாதலால் தகடு குளிரும். உலர்ந்தபின் அது ஓரளவு வெப்பக் காப்பாகவே நின்றுவிடும். கண்ணாடி வழியே வரும் வெப்பத்தை அது சிறிதும் தடுக்காது. ஒரு வழி அடைபட, மற்றொரு வழி திறந்தே கிடக்கிறது.

வியர்வையும் ஆவியாதலும்

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. இயற்கை நமக்களித்த குளிர்சாதனம் இதுவே. ஆனால் ரெக்சின் உறையிட்ட இருக்கை முதுகையும் தொடைகளையும் காற்றுப் புகாது மூடிவிடுகிறது. வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடி வீணாகிறது. இருக்கையின்மேல் தடித்த பருத்தித் துண்டு ஒன்றை விரித்துக் கட்டுதல் மிக எளிய பரிகாரம். அது வியர்வையை உறிஞ்சிப் பரப்பி ஆவியாக்குகிறது. ஓட்டுநர்கள் பலர் பயன்படுத்தும் மரமணி விரிப்பு, மணிகளுக்கிடையே காற்றோட வழி செய்வதால் அதனினும் சிறந்தது.

ஈரமாக்கிய வெட்டிவேர்த் தட்டிகளைச் சன்னலில் தொங்கவிடுதல் வடஇந்திய வீடுகளில் நெடுநாளைய வழக்கம். நிற்கும் வண்டியின் திறந்த சன்னலிலும் இதனைச் செய்யலாம். ஆனால் இதன் பயன் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. வெப்பநிலை 42 டிகிரியும் ஈரப்பதம் 15 சதவிகிதமும் உள்ள உலர்ந்த காற்றை, ஆவியாதலால் ஏறத்தாழ 22 டிகிரி வரை குளிர்விக்க இடமுண்டு. வெப்பநிலை 35 டிகிரியும் ஈரப்பதம் 70 சதவிகிதமும் உள்ள கடற்கரைக் காற்றிலோ அவ்வெல்லை 30 டிகிரியாகும். நடைமுறையில் இவ்வெல்லைகளை முற்றும் எட்ட இயலாது. ஆகவே, நாகபுரியில் பயன்பட்ட தட்டி மும்பையில் புழுக்கத்தையே மிகுவிக்கும்.

புழுதியும் புகையும்

பெட்டி வடிவமான வண்டி விரைந்து செல்லும்போது அதன் பின்புறத்தே காற்றழுத்தம் குறைகிறது. சக்கரங்கள் கிளப்பும் புழுதி அக்குறையழுத்தப் பகுதியில் சுழன்று, பின்கதவின் இடுக்குகள் வழியே உள்ளே புகுகிறது. சைலன்சர்க் குழாயின் புகையும் அவ்வாறே வருகிறது. அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் சேர்வதில் அது ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கு மேற்பட்ட நாட்டமுடையது. தலைவலி, மயக்கம், முடிவில் மரணம் என அதன் விளைவுகள் அமையும்.

எனவே, பின் சன்னலை மட்டும் திறந்துகொண்டு ஓட்டுதல் தவறு. முன்புறக் காற்றுத் திறப்புகளைத் திறந்து, பின்புற இடுக்குகளை அடைத்தால், உட்புறக் காற்றழுத்தம் சற்றே உயர்ந்து புழுதியை வெளியே தள்ளும். இடுக்குகளைக் கண்டறியப் பின்வரும் சோதனைகள் உதவும். இரவில் வண்டிக்குள் கைவிளக்கை எரியவிட்டுக் கதவுகளை மூடி, ஒளிக்கீற்று எங்கெங்கே கசிகிறது என்று வெளியிலிருந்து பார்க்கலாம். மேலும், ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் தடையின்றி வந்துவிடுமாயின், அவ்விடத்து ரப்பர் பீடிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கிளச்சு, பிரேக் மிதிகளுக்கு அருகே கம்பிகள் நுழையும் துளைகளில் ரப்பர் வளையங்கள் உள்ளனவா என்பதையும் காண வேண்டும்.

இரைச்சல்

இத்துளைகளை அடைப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. இரைச்சலும் அவற்றின் வழியேதான் பெரிதும் வருகிறது. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், எஞ்சிய பகுதி எவ்வளவு கனமாக இருப்பினும், அத்தடுப்பால் 20 டெசிபலுக்கு மேல் ஒலியைக் குறைக்க இயலாது. தகட்டின் எடையை இருமடங்காக்கினாலும் கிடைப்பது ஏறத்தாழ 6 டெசிபலே. ஆகவே, கனத்த விரிப்புகளை வாங்குமுன் சிறிய துளைகளை அடைப்பதே சிக்கனம்.

அடுத்து, தகடுகளின் அதிர்வை அடக்க வேண்டும். கதவையும் தரையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். மணி போல் ஒலித்தால் அத்தகடு எஞ்சினோடு சேர்ந்து அதிர்கிறது என்பது பொருள். ‘டாம்பிங் ஷீட்’ என்னும் பெயரில் விற்கப்படும் தார்க்கலவைப் பட்டையை அதன் நடுப்பகுதியில் ஒட்டினால் ஒலி மந்தமாகிவிடும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. பரப்பில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை போதும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மாத்திரம் ஒருபோதும் அடைக்கலாகாது. அடைத்தால் மழைநீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும்.

இருக்கையும் அதிர்வும்

அமர்ந்துள்ள மனித உடல், நொடிக்கு 4 முதல் 8 வரையுள்ள மேல்கீழ் அதிர்வுகளால் மிகுந்த துன்பமடைகிறது. மெத்தைக்கோ அதன்மேல் அமர்ந்தவருடன் சேர்ந்து இயற்கையான அதிர்வெண் ஒன்றுண்டு. சாதாரண நுரைமெத்தைகளில் அது நொடிக்கு 4 அளவில் அமைகிறது. இயற்கை அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்கிற்கு மேற்பட்ட அதிர்வுகளை மட்டுமே மெத்தை குறைக்கும். அதனினும் குறைந்தவற்றைப் பெருக்கிவிடும். ‘மென்மையான மெத்தையே சுகமான மெத்தை’ என்னும் எண்ணம் தவறு என்பது இதனால் விளங்கும். மென்னுரையை அடுக்கடுக்காகப் போட்டால், பள்ளத்தில் விழும்போது அது அடிவரை நசுங்கி, பலத்த குலுக்கலாக உடலைத் தாக்கும்.

ஆதலின், முதலில் டயரின் காற்றழுத்தம் குறித்த அளவில் உள்ளதா எனவும், ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் கசியாமல் உள்ளனவா எனவும் பார்க்க வேண்டும். அடங்கிப்போன இருக்கைக்கு ஓரங்குலத் தடிப்புள்ள, ரப்பர்ப் பாலூட்டிய தேங்காய் நார்ப் பலகை ஏற்றது. அது சற்று விறைப்பானது, காற்றோட்டமுடையது, உடலின் பளுவைத் தொடைகளுக்கும் பரப்பித் தருவது. இடுப்பின் பின்புறக் குழிவில், சுருட்டிய துண்டொன்றை நாடாவால் இருக்கையுடன் பிணைத்து வைத்தால், முதுகுவலி பெரிதும் குறையும். ஓரங்குலத்திற்கு மேல் இருக்கையை உயர்த்தலாகாது. உயர்ந்து நசுங்கும் மெத்தையில் அமர்ந்தவர், மோதலின்போது இருக்கைப் பட்டைக்கு அடியில் வழுகிச் செல்ல நேரும். பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றை அழுத்திக் காயப்படுத்தும்.

கவனிக்க வேண்டியவை

வண்டிக்குள் எப்பொருளைச் சேர்ப்பதாயினும், அதன் ஒரு துண்டை வெட்டவெளியில் கொளுத்திப் பார்க்க வேண்டும். விரைந்து எரிவதும், உருகிச் சொட்டுவதும், கரும்புகை கக்குவதும் விலக்கத்தக்கவை. தெர்மோகோல் இவ்வகையைச் சேர்ந்தது. சணல் துணியையும் பருத்தித் துணியையும் பயன்படுத்துவோர், வெங்காரம் 7 பங்கு, போரிக் அமிலம் 3 பங்கு, வெந்நீர் 65 பங்கு என்னும் அளவில் கரைத்த நீரில் அவற்றை நனைத்து உலர்த்திக்கொண்டால் தீப்பற்றும் இயல்பு குறையும். துணி நனைந்தால் இவ்வுப்புகள் கரைந்துவிடுமாதலால், சலவைக்குப் பின்னர் மீண்டும் நனைக்க வேண்டும்.

ஓட்டுநரின் காலடியில் ஒரே விரிப்புதான் இருக்க வேண்டும். அதுவும் நகராமல் கொக்கியிடப்பட்டிருக்க வேண்டும். விரிப்பின்மேல் விரிப்பு போட்டால் அது முன்னே சரிந்து பிரேக் மிதியின் அடியில் சிக்கிக்கொள்ளும். ஏர்பேக் உள்ள வண்டிகளில் ஸ்டியரிங்கின் நடுப்பகுதியையும் அதற்கென முன்பலகையில் குறியிட்ட இடத்தையும் எதனாலும் மூடலாகாது. இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருப்பின், இருக்கை உறையையும் தவிர்க்க வேண்டும். சிறு மின்விசிறி பொருத்துவதாயின் தனி ஃப்யூஸ் அவசியம்; வேறு விளக்கின் கம்பியிலிருந்து மின்சாரத்தைத் திருப்பி எடுத்தல் தீவிபத்துக்கு வித்தாகும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு வண்டிக்குள் உறங்குதல் உயிருக்கே ஆபத்து.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இச்செய்திகளை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று தகரப் பெட்டிகளை எடுத்து, ஒன்றின் மேற்புறத்திற்குக் கருவண்ணமும் மற்றொன்றிற்கு வெண்வண்ணமும் பூச வேண்டும். மூன்றாவதற்கும் கருவண்ணமே பூசி, அதன்மேல் இரண்டு விரற்கடை உயரத்தில் ஓர் அட்டையைக் குச்சிகளால் தாங்கி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் துளையிட்டு வெப்பமானியைச் செருகி வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடமாக்கச் செய்யலாம். வண்ணத்தின் பயனும் இரட்டைக் கூரையின் பயனும் அவ்வரைபடத்தில் தெளிவாகும். சூடேறும் வேகம் தொடக்கத்திலேயே மிகுதியாக இருப்பதையும் மாணவர்கள் காண்பர். பூட்டிய வண்டியில் தம்பி தங்கையரை விட்டுச் செல்லலாகாது என்பதை அவர்கள் தம் வீடுகளில் எடுத்துரைப்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பணியாளர்கள் ஒரு விடுமுறை நாளைத் தம் வண்டிக்கென ஒதுக்கி, காலையில் டயர், பீடிங், துளைகள் ஆகியவற்றைச் சோதித்து, பிற்பகலில் கண்ணாடி மறைப்பையும் இருக்கை விரிப்பையும் தைத்து முடித்துவிடலாம். முதலில் அடைக்க வேண்டியவற்றை அடைத்தல், அடுத்து மறைக்க வேண்டியவற்றை மறைத்தல், இறுதியில் மெத்தையைத் திருத்துதல் என்னும் வரிசை நினைவிலிருப்பது நலம். இவ்வரிசையில் செய்தால் செலவு குறையும். நாள் முழுதும் பயணம் செய்து கடைசிக் கிராமத்தை அடையும்போதும் பணியாளரிடம் பணிபுரியும் தெம்பு எஞ்சியிருக்கும்.